குப்பிக்குள் பதினேழாம் தேதி

அந்தப் பக்கம் போகாதே தாயி. கிணற்று விளிம்பிலிருந்து தள்ளி, இந்த வேப்பமரத்தடிக் கல்லில் உட்கார். கல் காய்ந்துதான் இருக்கிறது, பை நனையாது. பெங்களூரிலிருந்து பஸ் மாறிப் பஸ் மாறி வந்தவளை நிற்க வைத்தா பேசுவேன்? உட்கார். ஆனால் இங்கேயே உட்கார்.

அந்தக் காகிதத்தை உள்ளே வை. எனக்குக் காட்ட வேண்டாம். அதில் இருப்பது எனக்கு மனப்பாடம். மெடிக்கல் கடைத் தம்பி மூன்று தடவை படித்துச் சொல்லியிருக்கிறான். எனக்கு எழுத்துதான் வராது, காது நன்றாகவே கேட்கும். "பெண்: ஒன்றே ஒன்று. ஆண்: தெரியவில்லை. எதன் புழுவைத் தின்று வளர்கிறது: தெரியவில்லை." அதற்கெல்லாம் மேலே, சாய்ந்த எழுத்தில், அந்தப் பூச்சிக்கு வைத்த பேராக என் மகள் பேர். முப்பிடாதி என்ற பேருக்கு ஒரு வால் வைத்து நீட்டியிருக்கிறார்கள். சின்ன வயதில், அந்தப் பேரைச் சொல்லி வகுப்பில் சிரிக்கிறார்கள், மாற்றிக் கொடு என்று அழுதாள். சாமி பேரை மாற்றுவாயா என்று போட்டேன் ஒரு அறை. இப்போது பார், அந்தப் பேரைக் கேட்டுக்கொண்டு நீ இத்தனை தூரம் வந்திருக்கிறாய்.

உனக்கு வேண்டியது அந்த இரண்டு 'தெரியவில்லை'யும்தானே?

இருக்கிறது. இரண்டுமே என்னிடம் இருக்கிறது. முகத்தை அப்படி மலர்த்தாதே. வாங்க வந்தவள் முகத்தை மலர்த்தினால் விற்கிறவள் ஏற்றிச் சொல்வாள். இதுகூடவா உங்களுக்குக் காலேஜில் சொல்லித் தரவில்லை?

முதலில் நான் யார் என்று தெரிந்துகொள். புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் போய் மாடத்தி என்று கேள். தலைச்சுமட்டுக் கூடையோடு அங்கே போனவள். என் வீட்டுக்காரர் செத்துப்போனபோது முப்பிடாதிக்கு மூன்று வயது. முதல் நாள் ஒரு தரகன் என் கூடையைக் காலால் தள்ளினான். அதே கூடையைத் தூக்கி அவன் தலையில் கவிழ்த்தேன். அன்றைக்குப் பிறகு என்னைத் தள்ள யாரும் வரவில்லை. இன்றைக்கு நாலு தோப்பு குத்தகைக்கு எடுத்திருக்கிறேன். கோபக்காரி என்பார்கள். இருக்கட்டும். கோபம் இல்லாமல் இருந்திருந்தால் என்னையும் பிள்ளையையும் எறும்பு தின்றிருக்கும்.

அவள் என்னை மாதிரி இல்லை. சத்தம் போடத் தெரியாது. குனிந்தே நடப்பாள். எதையாவது பார்த்துக்கொண்டே இருப்பாள். காலேஜில் விலங்கியல் எடுத்தாள். ஏசுவடியான் சார்தான் அவளுக்கு வாத்தியார். அந்த மனுஷன் ஒரு லென்ஸைக் கொடுத்தார், கறுப்புக் கயிறு போட்டு. அன்றிலிருந்து தாலி மாதிரி அதைக் கழுத்திலேயே கட்டிக்கொண்டு அலைந்தாள். மஞ்சள் பிளாஸ்டிக் தட்டில் சோப்புத் தண்ணீரை ஊற்றி வரப்பில் வைப்பாள். மஞ்சளைப் பார்த்துப் பூவென்று வந்து விழுமாம். சாயங்காலம் வடிகட்டி, பல்குத்துகிற குச்சியால் ஒவ்வொன்றாகப் பிரிப்பாள். நான் எலுமிச்சையைத் தரம் பிரித்துக்கொண்டிருப்பேன், பக்கத்தில் அவள் தூசியைத் தரம் பிரித்துக்கொண்டிருப்பாள்.

அப்படி ஒரு நாள் விழுந்ததுதான் உன் காகிதத்தில் இருக்கிற அந்த ஒற்றைப் பெண். குளவியாம்! நான் குளவி பார்க்காதவளா? கேழ்வரகை இடித்துச் சலித்தால் சல்லடையில் நிற்காமல் போகுமே, அந்த அளவு. ஸ்பிரிட்டில் போட்டு சாருக்குத் தபாலில் அனுப்பினாள். பத்தாம் நாள் பதில் வந்தது. இதுவரை யாரும் பார்க்காத இனம் மாதிரி இருக்கிறது, ஆனால் ஒன்றை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, ஆண் வேண்டும், எதில் வளர்கிறது என்று தெரிய வேண்டும், தேடு என்று எழுதியிருந்தார்.

தேடினாள். மூன்று மாசம். அவளுக்கென்று ஒரு தொரட்டி உண்டு, நீளக் கம்பு நுனியில் சின்னக் கொக்கி வைத்தது. அதை எடுத்துக்கொண்டு வேலி வேலியாக அலைந்தாள். ஊரில், மாடத்தி மகள் ஆட்டுக்குத் தழை ஒடிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள். நானும் அப்படியே சொல்லி வைத்தேன். பூச்சி தேடுகிறாள் என்று சொன்னால் யார் பெண் கேட்டு வருவார்கள்?

இந்த வகைக் குளவி எப்படி வளரும் என்று ஒரு நாள் சொன்னாள். ஒரு செடியின் தண்டில் வீக்கம் வருமாம். எந்தச் செடி என்று கேட்காதே, அது பிறகு. அந்த வீக்கத்துக்குள் கொசு மாதிரி ஒரு ஈயின் புழு சுகமாக உட்கார்ந்திருக்குமாம். இந்தக் குளவி வெளியே இருந்தே ஊசியை விட்டு, அந்தப் புழுவுக்குள் முட்டை வைக்குமாம். முட்டை பொரித்து, உள்ளே இருந்தபடியே தின்னுமாம். புழுவுக்குத் தெரியாதாம், அது பாட்டுக்குத் தின்று கொழுக்குமாம். கடைசியில் தோல் மட்டும் அப்படியே இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காதாம்.

எலுமிச்சை பிரித்துக்கொண்டிருந்தவள் எழுந்து போய்க் கை கழுவினேன். இதெல்லாம் ஒரு பேச்சா, வயசுப் பெண் பேசுகிற பேச்சா என்று சத்தம் போட்டேன். இப்போது அந்தப் பேச்சு ஏன் வந்தது? ஆங், கேட்டாய் அல்லவா.

கார்த்திகை முதல் தேதி. உங்கள் கணக்கில் பதினொன்றாம் மாசம் பதினேழு. கடையநல்லூரிலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். நல்ல இடம். மளிகைக் கடை, ஒரே பையன். நாலு மணிக்கு வருகிறார்கள், மூன்றரைக்கு இவளைக் காணோம். நாலே காலுக்குக் கொல்லை வழியாக வருகிறாள். கையெல்லாம் முள் கீறல். தலையில் சருகு. ஒரு கையில் ஒரு கட்டு தண்டு, இன்னொரு கையில் சுண்டுவிரல் அளவு கண்ணாடிக் குப்பி. தண்டுக் கட்டைப் பிடுங்கி ஆட்டுக்கு எறிந்தேன். சேலையைச் சுற்றிவிட்டு உட்கார வைத்தேன். குப்பியை மட்டும் விட மாட்டேன் என்றாள். சேலைக்குள் மறைத்துக்கொள்ளடி என்றேன். மறைத்தாளா? மாப்பிள்ளையைப் பெற்ற அந்த அம்மாள் எதிரிலேயே லென்ஸைக் கண்ணில் வைத்துப் பார்க்கிறாள்!

"கைல என்ன தாயி?" என்று அந்த அம்மாள் கேட்டாள்.

"குப்பி, அத்தை."

"உள்ள என்ன?"

"ஆண், அத்தை. மூணு மாசமாத் தேடுனேன். இன்னைக்குத்தான் கெடச்சுது."

மாப்பிள்ளைப் பையனுக்கு அதிரசம் தொண்டையில் மாட்டிக்கொண்டது. என் தம்பி பதறிப் போய், "பூச்சி, பூச்சி, அவ பூச்சியைச் சொல்லுதா மதினி" என்றான். அது இன்னும் மோசமாகப் போயிற்று. அந்த அம்மாள் எழுந்துவிட்டாள். "எம் பிள்ளையப் பாக்கதுக்கு இந்தக் கண்ணாடி போதுமா, இல்ல வேற வாங்கணுமா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். வாசலில் செருப்பு மாட்டுகிறவரை சிரித்தார்கள்.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? நீயே சொல்.

"ஏட்டி, ஒனக்குப் புத்தி எங்க மேயுது?" என்று கேட்டேன். அவளுக்கு நான் கேட்டதே காதில் விழவில்லை. "எம்மா, தண்டை ஆட்டுக்கா போட்டே? ஒண்ணு போதாதும்மா, பத்தாவது வேணும்னு சார் சொல்லிருக்காக. வெயிலேறுமுன்ன பறிக்கணும், இல்லன்னா ஓட்டை போட்டுட்டுப் பறந்துரும்" என்கிறாள். மாப்பிள்ளை வீடு பறந்துபோனது அவளுக்குத் தெரியவில்லை. கழுத்தில் கிடந்த லென்ஸைப் பிடித்து இழுத்தேன். கயிறு அறுந்தது. நேரே இங்கே வந்தேன், கிணற்றில் போட்டேன். ஒரு கண்ணாடித் துண்டு. அவ்வளவுதான். அம்மா என்றால் இதுகூடச் செய்யக்கூடாதா? என் அம்மா எனக்குச் செய்ததையெல்லாம் சொன்னால் நீ அழுவாய்.

அவள் அழவில்லை. கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றாள்.

மறுநாள் விடியக்காலம் நான் தோப்புக்குப் போய்விட்டேன். பறிப்பு இருந்தது. ஏழு மணிக்கு என் தம்பி ஓடி வந்தான். அவன் வேட்டி முழுக்க நனைந்திருந்தது. அதைப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

இந்தக் கிணறுதான். நெற்றியில் அடி. நீச்சல் தெரிந்தவள், தாயி. எட்டு வயதிலேயே இதில் குதித்து மறுபக்கம் ஏறுவாள். வலது கை மூடியே இருந்தது. யார் பிரித்தும் வரவில்லை. நான்தான் ஒவ்வொரு விரலாகப் பிரித்தேன். உள்ளே அந்தக் குப்பி. யாரும் பார்க்குமுன் மடியில் சொருகிக்கொண்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. சரக்கைக் கண்டால் மறைக்கிற கை, அவ்வளவுதான்.

ஊர் என்ன சொல்லும்? மாப்பிள்ளை வீட்டார் சிரித்துவிட்டுப் போன மறுநாள். குதித்துவிட்டாள் என்றது. சில பேர், லென்ஸைத் தேடி முங்கியிருப்பாள், கல்லில் அடிபட்டிருப்பாள் என்றார்கள். அவர்கள்தான் மோசம். குதித்தாள் என்றால்கூட அவள் தலையெழுத்து என்று போகலாம். லென்ஸைத் தேடினாள் என்றால், அதைப் போட்டது...

விடு. தண்ணீர் குடிக்கிறாயா?

தவறி விழுந்தாள். அதுதான் நடந்தது. அந்தச் செடி இந்தக் கிணற்றுச் சுவரில்தான் தொங்குகிறது. பத்து வகைச் செடி தொங்குகிறது, நீ எட்டிப் பார்த்தாலும் எது என்று தெரியாது, உட்கார். பூச்சி பிடிக்க வந்தாள், கல்லில் பாசி, வழுக்கியது. போலீஸ் ஸ்டேஷனிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள், 'தவறி விழுந்து' என்று. ஆனால் அது நான் போய் உட்கார்ந்து, பேசி, எழுத வைத்தது. நானே பேசி வாங்கின எழுத்தை நானே எப்படி நம்புவேன்?

பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஆட்கள் போன பிறகு ஏசுவடியான் சார் வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, சட்டையில் வேர்வையோடு தரையில் உட்கார்ந்தார். நாற்காலி போட்டேன், வேண்டாம் என்றார். பிறகு, அவள் ஏதாவது வைத்துவிட்டுப் போயிருக்கிறாளா என்று கேட்டார். குப்பியைக் கொண்டு வந்து கொடுத்தேன்.

தன் லென்ஸை எடுத்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார்.

"ஆண்தாம்மா" என்றார். "கெடச்சுட்டான். ஒம்ம மக கண்டுபிடிச்சுட்டா."

என்னையும் பார்க்கச் சொன்னார். நான் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. மஞ்சள் உடம்பு, முதுகில் ஒரு கறுப்புப் பட்டை, இறக்கை ஓரமெல்லாம் மயிர். கொம்பில் சுற்றுச் சுற்றாக நீள முடி. அந்த முடிதான் ஆணுக்கு அடையாளமாம், பெண்ணுக்கு இருக்காதாம். காலில் கணு எண்ணிக் காட்டினார், நாலு. அதெல்லாம் சரி. அதற்குக் கண் இருந்தது, தாயி. சிவப்பாக இரண்டு கண். அவள் கைக்குள்ளே, தண்ணீருக்குள்ளே, அந்த நேரமெல்லாம் திறந்தே இருந்த கண்.

குப்பிக்குள் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. பென்சிலில்தான் எழுதுவார்களாம், மை என்றால் ஸ்பிரிட்டில் கரைந்துவிடுமாம். உனக்குத் தெரியாததா. ஊர் பேர், அவள் பேர், தேதி. எனக்கு எழுத்து வராது என்றேனே, எண் வரும். எண் வராமல் மார்க்கெட்டில் நிற்க முடியுமா? கண்ணாடிக்கு வெளியே இருந்தே பார்த்தேன். பதினேழு, குறுக்கே கோடு, பதினொன்று.

பதினேழு.

உனக்குப் புரிகிறதா? பதினெட்டு என்று இருந்திருக்க வேண்டும். விழுந்தது பதினெட்டு காலை. பூச்சி பிடிக்க வந்து விழுந்தாள் என்றால், பிடித்த தேதி பதினெட்டாக அல்லவா இருக்க வேண்டும்? அவள் தப்பாக எழுதிவிட்டாள். மனசு சரியில்லாத பிள்ளை, தேதி மாறாதா? எனக்கே சில நாள் என்ன கிழமை என்று மறந்துபோகும்.

சாரிடம் சொன்னேன். "சார், நீங்க எழுதப் போற புஸ்தகத்துல பதினெட்டுன்னு போடுங்க. குப்பியும் ஒங்களுக்கு, எந்தச் செடிங்கற விவரமும் ஒங்களுக்கு. ஒரே ஒரு எண்ணுதான்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "எம்மா, அந்தப் பிள்ள தேதிய மாத்தி எழுதாது. எடுத்த எடத்துல நின்னு எழுதிட்டுத்தான் அடுத்த அடி வைக்கும்" என்றார்.

"அது எம் மக. எனக்குத் தெரியாதா ஒங்களுக்குத் தெரியுமா?"

"நீங்க கேட்டு நான் மாத்துனா, அதுவும் ஸ்டேஷன் எழுத்து மாதிரித்தானம்மா ஆகும்? அப்புறம் அத நீங்களே நம்ப மாட்டிய" என்றார்.

எப்படிக் கோபம் வந்திருக்கும் எனக்கு! சத்தம் போட்டேன். என் பிள்ளைக்குப் பைத்தியம் பிடிக்க வைத்ததே நீதான் என்றேன். லென்ஸ் கொடுத்தவன் நீ, அதை அறுத்தவள் நான், இரண்டு பேரும் உட்கார்ந்து அழலாம் வா என்றேன். அவர் கையிலிருந்து குப்பியைப் பிடுங்கினேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "அதுக்கில்லம்மா, பதினேழுன்னு இருந்தாலும்..." என்று ஆரம்பித்தார். இருந்தாலும் என்ன இருந்தாலும்? வெளியே போ என்றேன். மறுநாள் வரப்பில் மஞ்சள் தட்டுகளை வைத்துக்கொண்டு குனிந்து நின்றார். வயதான மனுஷன். ஒவ்வொரு தட்டாகக் காலால் கவிழ்த்தேன். கடைசித் தட்டு கவிழ்கிறவரை நின்று பார்த்துவிட்டு, சோப்புத் தண்ணீர் பட்ட வேட்டியோடு பஸ் ஏறிப் போனார்.

பார்க்கட்டும் என்றுதான் இருந்தேன். ஆண் இல்லாமல் என்ன எழுதுவார்? சரக்கு என்னிடம். திரும்பி வந்துதான் ஆக வேண்டும். பிடித்து வைத்தால் விலை ஏறும் என்பது எனக்குத் தெரிந்த பாடம். மூன்று நாள், முப்பது நாள், எட்டு மாசம். வரவில்லை. இந்தக் காகிதம்தான் தபாலில் வந்தது. என்னிடம் ஒன்றுமே வாங்காமல், ஒற்றைப் பெண்ணை வைத்தே எழுதிவிட்டார். ஆண் தெரியவில்லையாம்! கையில் வைத்துப் பார்த்த மனுஷன், கணு எண்ணின மனுஷன், நான் கொடுக்கவில்லை என்பதற்காகத் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறார். பேரை மட்டும் நான் கேட்காமலே வைத்திருக்கிறார். அடுத்த வருஷம் நெஞ்சுவலியில் போய்விட்டார் என்று மெடிக்கல் கடைத் தம்பி சொன்னான். போகட்டும். நான் போகவில்லை. எந்த முகத்தோடு போவது? இல்லை, பறிப்பு நேரம், வேலை இருந்தது.

பேய் பிசாசு நம்புகிற ஆள் இல்லை நான். சுடுகாட்டு வழியாகக் கூடை சுமந்து மார்க்கெட்டுக்குப் போனவள். ஆனால் ஒன்று சொல்கிறேன், நீ சிரிக்கக் கூடாது. ஐப்பசி மழை விட்டு வெயில் அடிக்கும்போது, அந்தத் தண்டு வீங்கும். அப்போது விடியக்காலம் இங்கே வந்து உட்கார்ந்தால், முழங்கை மயிரில் ஏதோ நடக்கிற மாதிரி இருக்கும். பார்த்தால் தூசி. ஊதினால் போகாது. நடக்கும். நின்று, கொம்பைத் தடவிக்கொள்ளும். மறுபடியும் நடக்கும். நான் கையை அசைக்க மாட்டேன். அதுவாகப் போகிறவரை அசைக்க மாட்டேன். ஒரு நாள் ஒன்பது மணிவரை அப்படியே இருந்துவிட்டேன், தோப்பில் ஆட்கள் எல்லாம் காத்துக் கிடந்தார்கள்.

பதினோரு வருஷமாக இந்தக் கிணற்றைத் தூர் வார விடவில்லை. சுவரில் ஒரு இலையை யாரும் கிள்ளக் கூடாது. வாங்கக் கேட்டு மூன்று பேர் வந்தார்கள், மூடிவிட்டு வீடு கட்டுவார்களாம். நான் பேசின பேச்சில் அடுத்த ஊர் வரைக்கும் ஓடினார்கள். மாடத்திக்கு மண்டை குழம்பிவிட்டது என்கிறார்கள். மருந்தும் அடிப்பதில்லை. எலுமிச்சை இலையெல்லாம் சுருண்டு கிடக்கிறது, பார்த்தாயா? அடித்தால் இதுவும் செத்துப்போகுமே.

சரி. விஷயத்துக்கு வருகிறேன்.

இதோ குப்பி. மடியில்தான் இருக்கிறது, எப்போதும் மடியில்தான். ஸ்பிரிட் குறைந்தால் மெடிக்கல் கடையில் வாங்கி ஊற்றுவேன், சொட்டுச் சொட்டாக. பார். வாங்கிப் பார், பயப்படாதே. கொம்பு முடி தெரிகிறதா? நாலு கணு? ஒன்றும் உதிரவில்லையே? பதினோரு வருஷம் பத்திரமாக வைத்திருக்கிறேன், அவனைவிட நான்தான் உதிர்ந்துபோனேன்.

உனக்கு ஆண். உனக்கு அந்தச் செடி, வீக்கம், உள்ளே இருக்கிற புழு, எல்லாம். இரண்டு 'தெரியவில்லை'யும் தீர்ந்துபோகும். உன் பேர் போட்டு எழுதிக்கொள். எனக்கு ஒன்றே ஒன்று. பதினேழைப் பதினெட்டு என்று எழுது. யாருக்கு நஷ்டம்? பூச்சிக்கா? ஒரு நாள் பிந்திச் செத்ததாக எழுதினால் பூச்சி வந்து கேட்குமா?

ஏன் அப்படிப் பார்க்கிறாய்? பேசு. பேசாமல் இருந்தால் விலை இறங்கும் என்று நினைக்காதே.

என்ன சொன்னாய்?

இன்னொரு தடவை சொல். மெதுவாகச் சொல்.

பதினேழு பதினேழாகவே இருக்கட்டும் என்கிறாய். சரி, மேலே சொல். ஒன்று போதாது, பத்தாவது வேண்டும் என்று அவளே சொன்னாள் என்கிறாய். ஆமாம், சொன்னாள். தண்டை ஆடு தின்றுவிட்டது. ஆமாம், தின்றது. வெயிலேறுமுன் பறிக்க வேண்டும். ஆமாம். அதனால் மறுநாள் விடியக்காலம் மறுபடி அதே செடிக்குத்தான் வந்திருப்பாள் என்கிறாய். நீயாக இருந்தாலும் வந்திருப்பாய் என்கிறாய். மூன்று மாசம் தேடினவள் ஒன்றோடு வீட்டில் உட்கார மாட்டாள். புதிதாகப் பிடித்ததோடு ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய குப்பியைக் கையில் எடுத்துக்கொண்டுதான் வருவார்கள், நீயும் அப்படித்தான் செய்வாய் என்கிறாய்.

பதினேழு சரி. பதினெட்டும் சரி.

சாரும் அதைத்தான் சொல்ல வந்தாரோ? 'பதினேழுன்னு இருந்தாலும்...' என்று. நான்தான் தட்டுகளைக் கவிழ்த்தேனே.

ஒரு எண்ணைக்கூட மாற்றாமல் நான் கேட்டதைக் கொடுத்துவிட்டாய் நீ. பதிலுக்கு ஒன்றும் கேட்கவும் இல்லை. உனக்கு வியாபாரமே தெரியாது, தாயி. நாலு நாள் என்னோடு மார்க்கெட்டுக்கு வா.

இரு. கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது.

எழுந்திரு, வா. கோவைக்கொடி. அவ்வளவுதான். வேலியெல்லாம் கிடக்கிற கோவைக்கொடி. அதோ, சுவரில் இரண்டாவது கல்லுக்குக் கீழே, தண்டில் முடிச்சு முடிச்சாக வீங்கியிருக்கிறது பார், அதுதான். வேலியில் இருக்கிறதில் வருவதில்லை, கிணற்று ஈரத்தில் இருக்கிறதில்தான் வருகிறது. பத்து என்ன, நூறு பறித்துக்கொள். இன்றைய தேதியைப் போட்டுக்கொள்.

ஏ! எட்டாதே! கையை உள்ளே விடாதே, நில் அங்கேயே! மோட்டார் ரூமுக்குள் தொரட்டி இருக்கிறது, எடுத்து வருகிறேன்.

இந்தா. இது அவளுடையதுதான். சின்னக் கொக்கி, பார்த்தாயா. தழை பறிக்க வெறுங்கையோடு இந்த விளிம்பில் சாயக்கூடாது என்று ஏழு வயதிலிருந்து சொல்லிச் சொல்லிப் பழக்கியிருக்கிறேன். என்னை எதில் மீறினாலும் இதில் மட்டும் மீற மாட்டாள். தொரட்டி இருந்தால் தொரட்டியோடுதான் வருவாள்.

இருந்தால்.

அன்றைக்கு இது எங்கே இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. ஸ்டேஷனில் கேட்கவில்லை. ஊரில் கேட்கவில்லை. சார் கேட்கவில்லை. நீயும் கேட்கவில்லை.

என்னிடம் இருந்தது. தோப்பில் எனக்கு நாலு தொரட்டி கிடக்கிறது, இது தேவையே இல்லை. விடியக்காலம் அவள் தூங்கும்போது, சத்தம் போடாமல் எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு போனேன். இன்றைக்கு எப்படிப் போய்ப் பறிக்கிறாள் பார்க்கலாம் என்று.

பிடி, தாயி. கொக்கியைத் தண்டில் மாட்டி மெதுவாக இழு. கல் வழுக்கும். சாயாதே. பயப்படாமல் பறி, உன் இடுப்பை நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.